முப்பத்தெட்டு என்றால் எந்த முப்பத்தெட்டு

சித்தூர் கடைவீதியில் துப்பாக்கிக் கடை வைத்திருந்த அந்த அம்மாவிடம் போய், தோட்டாவின் பெயரைச் சொல்லிக் கேட்டால் கிடைக்காது. லைசென்ஸைக் காட்டினாலும் கிடைக்காது. "துப்பாக்கி எங்க?" என்பார். வீட்டில் இருக்கிறது என்று சொன்னால், "போய் எடுத்துக்கினு வா. பாத்துட்டுக் குடுக்கிறேன்" என்பார். கார்வேட்டிநகரத்திலிருந்து பஸ் பிடித்து வந்தவரானாலும் அதே பதில்தான்.

தெலுங்குக்காரர்கள் அவரைத் தூட்டாலம்மா என்பார்கள். தமிழர்கள் தோட்டாக்காரம்மா. மெலிந்த உடம்பு, நகரிச் சேலை, ஒரு பக்கம் காது ஒடிந்து நூல் கட்டிய மூக்குக் கண்ணாடி. மேஜைமேல் எப்போதும் பித்தளையில் ஒரு சின்ன அளவுகோல் இருக்கும். தோட்டாவை அதன் இரண்டு பல்லுக்கு நடுவில் வைத்து நகர்த்தினால் தடிப்பு எவ்வளவு என்று காட்டிவிடும். கண்ணுக்கு எதிரே பிடித்து அதைப் படிக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்வார்.

நான் அப்போது கலெக்டர் ஆபீசில் ஆயுத லைசென்ஸ் பிரிவில் குமாஸ்தா. ஆந்திர ராஜ்யம் தனியாகப் பிரிந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. வருஷத்துக்கு இரண்டு முறை அவர் கடைக்குப் போய் இருப்பை எண்ணிக் கையெழுத்துப் போடுவது என் வேலைகளில் ஒன்று. அப்படித்தான் பழக்கம். நண்பர் என்று சொல்லிக்கொள்ள முடியாது. ஒருமுறைகூட என் குடும்பத்தைப் பற்றி அவர் விசாரித்ததில்லை.

கணவர் இறந்தபின் கடை லைசென்ஸைத் தன் பெயருக்கு மாற்றக் கேட்டு வந்தபோதுதான் முதலில் பார்த்தேன். ஆபீசில் எல்லோருக்கும் அது வேடிக்கையாக இருந்தது. டெபுடி கலெக்டர் மனுவைப் படித்துவிட்டு, "அம்மா, துப்பாக்கியைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்?" என்று கேட்டார்.

"பேரெல்லாம் தெரியாது துரை. எது எதுல பொருந்தும், எது பொருந்தாதுன்னு தெரியும்."

"அது போதுமா?"

"அது தெரியாமதான் இங்க நெறைய பேரு பேர சொல்லிக்கினு வராங்க."

டெபுடி கலெக்டர் சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அந்தப் பதில் பணிவா, எகத்தாளமா என்று எனக்கு அன்றைக்குப் புரியவில்லை.

அவர் கடையில் உட்கார்ந்திருந்தபோதுதான் தோட்டாக்களின் பெயர்கள் எவ்வளவு குழப்பம் என்று எனக்குத் தெரிந்தது. எண் என்றால் குண்டின் தடிப்பு, அங்குலத்தின் நூறு பங்கில், அல்லது ஆயிரம் பங்கில், எத்தனை என்பது. முப்பத்திரண்டு லாங் என்று ஒன்று. முப்பத்திரண்டு நியூ போலீஸ் என்று இன்னொன்று. இரண்டும் ஒரே தோட்டா, பெயர்தான் வேறு. ஒரு சப்-இன்ஸ்பெக்டர் வந்து, தான் போலீஸ் என்பதால் போலீஸ் தோட்டாதான் வேண்டும் என்று அடம்பிடித்தார். அம்மா அவர் துப்பாக்கியைப் பார்த்துவிட்டு லாங் பெட்டியை எடுத்து நீட்டினார். "இத போலீசும் சுடலாம் சார், மத்தவங்களும் சுடலாம்" என்றார். குட்டையான முப்பத்திரண்டு நீளமானதன் துப்பாக்கியில் போகும். நீளமானது குட்டையின் துப்பாக்கியில் போகாது. "தம்பி அண்ணன் சட்டைய போட்டுக்கலாம். தம்பி சட்டையில அண்ணன் நொழைய முடியுமா?" என்று கேட்பார்.

முப்பத்தெட்டுதான் பெரிய சிக்கல். முப்பத்தெட்டு ஸ்பெஷல் என்பது நீளமாக, ஒல்லியாக இருக்கும். முன்னூற்றெண்பது என்று வெள்ளைக்கார ராணுவம் வைத்திருந்தது குட்டையாக, கொஞ்சம் தடிப்பாக இருக்கும். இரண்டையும் ஜனங்கள் முப்பத்தெட்டு என்றே சொல்வார்கள். "இதுல வேடிக்க இன்னான்னா சார், முப்பத்தெட்டுன்னு சொல்ற இந்தக் குண்ட அளந்தா முப்பத்தாறுகூட வராது" என்று ஒருநாள் அளந்தே காட்டினார்.

திருப்பதியில் சத்திரம் நடத்திய ஒருவர், மாமனார் வழியில் வந்த நானூற்றைம்பத்தைந்து ரிவால்வருக்குத் தோட்டா கேட்டு வந்தார். துப்பாக்கி கொண்டுவரவில்லை. "லைசென்ஸ் உந்தி கதம்மா, இங்கேமி காவாலி?" என்று சத்தம் போட்டார். லைசென்ஸ் இருக்கும்போது வேறென்ன வேண்டும் என்கிறார். அந்த எண்ணில் நீளக் கூடு, குட்டைக் கூடு, இவை தவிர வேறொரு வகைக் கைத்துப்பாக்கிக்கான விளிம்பு குறுகிய தோட்டா என்று மூன்று இருப்பதை அம்மா தெலுங்கிலேயே பொறுமையாக விளக்கினார். அவர் கேட்கவில்லை. மந்திரி பெயரைச் சொன்னார். அம்மா அலமாரியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, ஒரு பழைய துணியால் மேஜையைத் துடைக்க ஆரம்பித்தார். சத்திரக்காரர் போகும்வரை துடைத்துக்கொண்டே இருந்தார்.

இந்தப் பிடிவாதத்துக்குக் காரணம் பக்கத்துக் கடையில் கடிகாரம் பழுது பார்ப்பவர் சொல்லித்தான் தெரிந்தது. கணவர் இருந்த காலம். அவர் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் அம்மா கடையில் இருந்தார். கார்வேட்டிநகரம் பக்கம் ஒரு மாந்தோப்புக் காவல்காரர் வந்து முப்பத்தெட்டு வேண்டும் என்றார். கேட்ட பெயருக்கு இருந்த பெட்டியை அம்மா எடுத்துக் கொடுத்துவிட்டார். அது ஸ்பெஷல். காவல்காரருடையது அரதப் பழைய துப்பாக்கி. தோட்டா போடும் அறைகளை ஒரே சீராகக் குழாய்போலத் துளைத்திருந்தார்கள். தடுப்பதற்கு உள்ளே ஒன்றும் இல்லாததால் நீளத் தோட்டா சிரமமில்லாமல் உள்ளே போய்விட்டது. அந்த வேகத்தைத் தாங்கும் இரும்பு இல்லை அது. வெடித்து, அவருடைய வலது கையில் இரண்டு விரல்கள் போயின. நான் இதைப் பற்றி அம்மாவிடம் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை.

என் பதிவேட்டைப் பற்றி ஒருமுறை அவர் குறை சொன்னார். ரிவால்வர் லைசென்ஸ் யாருக்கு எழுதினாலும் நான் ".38 ரிவால்வர்" என்று மட்டும் எழுதுவேன். "எந்த முப்பத்தெட்டுன்னு எழுதலையே சார்?" என்றார்.

"பத்தி சின்னதும்மா. அவ்வளவுதான் இடம்."

அவர் பதிவேட்டை மூடி என் பக்கம் தள்ளினார். பிறகு வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

எல்லைத் தகராறு நடந்துகொண்டிருந்த நாட்கள் அவை. எந்த ஊர் ஆந்திராவில், எந்த ஊர் மதராஸில் என்று கிராமம் கிராமமாகக் கூட்டம் போட்டார்கள். புத்தூருக்கும் நகரிக்கும் இடையில் ஒரு கிராமத்தில் சாயங்காலம் தமிழர்கள் கூட்டம் போட்டபோது கல்வீச்சு நடந்தது. அந்தக் கலவரத்தில் யாரோ ரிவால்வரால் மூன்று முறை சுட்டார்கள். ஒரு குண்டு, கூட்டத்துக்கே வராத ஒரு நெசவாளியின் காலில் பாய்ந்தது. நகரிக்காரன், நூல் கொடுத்துவிட்டு வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தவன். அவனுக்குத் தமிழும் தெலுங்கும் ஒன்றுபோல வரும்.

மறுநாள் கிணற்று மேட்டில், சுட்டவன் துப்பாக்கியைத் திறந்து உதறிவிட்டுப் போன மூன்று வெற்றுத் தோட்டாக் கூடுகள் கிடைத்தன. மேடையில் பேசிய ஒரு தமிழ் விவசாயியைப் போலீஸ் பிடித்தது. முப்பத்தைந்து வயது, கல்யாணமாகாதவன். அவனிடம் அப்பா காலத்து ரிவால்வர் இருந்தது. கூடுகளின் அடியில் 38 என்று பொறித்திருந்தது. என் பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே .38 என்று இருந்தது. வழக்கு முடிந்துவிட்டது என்று இன்ஸ்பெக்டர் நினைத்தார். கூடுகளில் 38-க்குப் பக்கத்தில் ஸ்பெஷல் என்பதற்கான மூன்று எழுத்துகளும் இருந்தன. ஓட்டலில் ஸ்பெஷல் டீ என்பதுபோல அது உயர்ந்த சரக்கு என்று அவர் அர்த்தம் செய்துகொண்டார்.

அந்த மனிதன் ஐந்து மாதம் ஜெயிலில் இருந்தான். "நான் சுடல" என்பதைத் தவிர வக்கீலிடம் எதுவும் சொல்லவில்லை.

வக்கீல் அம்மாவைச் சாட்சிக்குக் கூப்பிட்டார். கோர்ட்டுக்கு வெளியே சட்டையில் கொடி குத்திக்கொண்டு ஒரு கூட்டம். உள்ளே நிற்க இடமில்லை. முதலில் நான்தான் சாட்சிக் கூண்டில் ஏறினேன். பதிவேட்டைக் காட்டினேன். "இது எந்த முப்பத்தெட்டு?" என்று வக்கீல் கேட்டார். தெரியாது என்றேன். "ஏன் எழுதவில்லை?" என்றார். பத்தி சின்னது என்று கோர்ட்டில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எதிர்க் கூண்டில் நின்ற விவசாயி என்னைப் பார்க்கவே இல்லை.

பிறகு அம்மா ஏறினார்.

"அம்மா, கெடச்ச கூடு முப்பத்தெட்டு ஸ்பெஷல், இவரு துப்பாக்கி முன்னூத்தி எண்பது. ரெண்டும் ஒண்ணா, வேறயா?" என்றார் வக்கீல்.

"மொதல்ல துப்பாக்கிய குடுங்க."

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க."

"பேரு வேறன்னா அதுல இது போகாதுன்னு ஆயிடாது. துப்பாக்கிய பாக்காம நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

வக்கீலின் முகம் கறுத்துவிட்டது. அவருக்குச் சாதகமாகச் சொல்லத்தான் கூப்பிட்டிருந்தார். ஜட்ஜ் துப்பாக்கியைக் கொடுக்கச் சொன்னார். அம்மா கடையிலிருந்து, வெடிமருந்தை எடுத்துவிட்ட ஒரு ஸ்பெஷல் தோட்டாவைக் கொண்டுவந்திருந்தார். துப்பாக்கியை மடக்கித் திறந்து, முதல் அறையில் போட்டார். கால் அங்குலத்துக்கு மேல் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. துப்பாக்கியை மூட முடியவில்லை. அடுத்த அறை. அதற்கடுத்தது. ஆறையும் பார்த்தார். மூன்று பார்த்ததும் ஜட்ஜ் "போதும்" என்றார். அம்மா காதில் வாங்காமல் மீதி மூன்றையும் பார்த்து முடித்தார்.

"சில பழைய துப்பாக்கியில இது உள்ள போயிடும், வெடிக்கவும் வெடிக்கும். அதான் பாத்தேன். இதுல உள்ள ஒரு படி இருக்குது. ஈர்க்குச்சி வுட்டுப் பாருங்க, தட்டும்."

பியூன் வெளியே போய் ஈர்க்குச்சி கொண்டுவந்தான். ஜட்ஜ் தாமே விட்டுப் பார்த்தார். தட்டியது.

அம்மா வெற்றுக் கூடுகளைக் கேட்டு வாங்கி அளந்தார். "தடிப்பான தோட்டாவோட அறையில வெடிச்சிருந்தா இதுக்கு வயிறு ஊதியிருக்கும். ஊதல. இதுக்குன்னே செஞ்ச துப்பாக்கியில சுட்டது. அப்புறம் இன்னொண்ணு. இத அடியில குத்தி வெடிக்க வெச்ச ஊசிக்கு மொன ஒடஞ்சிருக்குது. பாதி நிலா மாதிரி குத்தியிருக்குது பாருங்க. இவரு துப்பாக்கி ஊசி முழுசா இருக்குது."

அது கேட்காத கேள்விக்குப் பதில். ஜட்ஜ் எழுதிக்கொண்டார். எதிர்க் கூண்டில் விவசாயி அப்போதுதான் தலையை நிமிர்த்தினான். சந்தோஷப்படுகிறான் என்று நினைத்தேன்.

விடுதலை செய்தார்கள். வெளியே வேட்டுப் போட்டார்கள்.

இரண்டு நாள் கழித்து இன்ஸ்பெக்டர் என்னை அம்மாவின் கடைக்கு அனுப்பினார். ஸ்பெஷல் தோட்டா வாங்கியவர்கள் யார் யார் என்று அவருடைய விற்பனைப் புத்தகத்தைப் பார்த்து எழுதிவர வேண்டும். என் பதிவேட்டில் ஒன்பது பேருக்கு .38 என்று இருந்தது. அதில் எது எது என்று சொல்ல என்னால் முடியாதே. எழுதிக்கொண்டிருந்தபோது நாலைந்து பேர் மாலையோடு வந்தார்கள். முன்னால் வந்தவன் விடுதலையானவனின் தங்கை புருஷன். கார்வேட்டிநகரம் பக்கம் ஊர். அம்மா சாட்சி சொன்ன அன்றைக்கு அவன் கோர்ட்டுக்குள் இடம் கிடைக்காமல் வெளியே நின்று கோஷம் போட்டுக்கொண்டிருந்தவன்.

"எங்க மச்சான காப்பாத்துனீங்க. தமிழச்சின்னா நீங்கதாம்மா" என்று மாலையை நீட்டினான்.

"அத மேஜமேல வை. நான் உங்க மச்சானுக்காகச் சொல்லல."

அவன் அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டான். கூட வந்தவர்களைப் போகச் சொல்லிவிட்டு, "அப்படியே ஒரு பொட்டி தோட்டா குடுங்க. முப்பத்தெட்டு. நீளமா இருக்குமே, அது" என்றான். அம்மாவின் வழக்கம் தெரிந்தவன். இடுப்பிலிருந்து துப்பாக்கியை எடுத்து அவனே மேஜைமேல் வைத்தான்.

அம்மா எப்போதும்போல அதைத் திறந்தார். அறைகளைப் பார்த்தார். பின்பக்கம் திருப்பி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஊசியைப் பார்த்தார். வெளிச்சத்தில் ஒருமுறை, நிழலில் ஒருமுறை.

"ஊசி ஒடஞ்சிருக்குது நைனா. மாத்தணும். வெச்சிட்டுப் போ."

"எப்ப வரட்டும்?"

"சொல்லி அனுப்பறேன்."

சீட்டு எழுதிக் கொடுத்தார். அவன் கும்பிட்டுவிட்டுப் போனான். அம்மா துப்பாக்கியைத் துணியில் சுற்றிவிட்டு, "சார், போய் இன்ஸ்பெக்டர இட்டுக்கினு வாங்க" என்றார்.

நான் உடனே எழுந்திருக்கவில்லை. "அவன் உங்கள நம்பி விட்டுட்டுப் போயிருக்கான்" என்றேன்.

"நான் இன்னா பொய்யா சொன்னேன்? ஊசி ஒடஞ்சிதான் இருக்குது."

"அதில்லம்மா..."

"பாத்துட்டேனே சார். பாத்தத பாக்கலன்னு எப்படி வெச்சிக்கறது?"

போய்க் கூட்டிவந்தேன். பயமுறுத்தத்தான் சுட்டேன் என்று அவன் அன்றைக்கே ஒப்புக்கொண்டான். இரண்டு வருஷம் தண்டனை கிடைத்தது.

அதற்குப் பிறகு தமிழர்கள் யாரும் அந்தக் கடைக்கு வரவில்லை. ஒரு காலையில் பெயர்ப் பலகையில் தார் பூசியிருந்தது. தெலுங்குக்காரர்களில் சிலர் அம்மா தங்கள் பக்கம் வந்துவிட்டதாக எண்ணிப் பழத்தட்டோடு பாராட்ட வந்தார்கள். "நான் எங்கயும் வரலப்பா" என்று தெலுங்கில் சொல்லி, தட்டைத் திருப்பி அனுப்பினார். தாரை மண்ணெண்ணெய் விட்டு அவரே துடைத்தார். பாதிதான் போயிற்று. நான் என் பதிவேட்டில் புதுப் பக்கங்களுக்கு ஸ்கேல் வைத்து அந்தப் பத்தியை அகலமாகக் கோடு போட்டேன். செய்யக்கூடியது அவ்வளவுதான் இருந்தது. எல்லை முடிவானபோது நான் மதராஸ் பக்கம் வேலை கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அவர் கடைசிவரை சித்தூரிலேயே கடை நடத்தியதாகக் கேள்வி.

நான் சித்தூரை விட்டு வருவதற்கு முந்தின வருஷம், இருப்பு எண்ணப் போன ஒரு முற்பகலில், விடுதலையானவன் வந்தான். வாசல் படியில் ஏறாமல் வெயிலிலேயே நின்றான். நான் அலமாரிப் பக்கம் இருந்தேன். என்னை அவன் பொருட்படுத்தவில்லை.

"வா நைனா, உள்ள வா" என்றார் அம்மா.

"வேணாம்மா. ஒண்ணு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்." துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் பிடித்தான். "எனக்குத் தெரியாதுன்னா நெனச்சிக்கினு இருந்தீங்க?"

"இன்னாது?"

"கெணத்துக்கிட்ட நின்னு அவன் சுட்டத பாத்தேன். என் தங்கச்சிக்கு ரெண்டு கொழந்தைங்க. நான் ஒண்டிக்கட்ட. நான் உள்ள போனா யாருக்கும் நஷ்டம் இல்ல. யோசிச்சிதான் வாயத் தெறக்காம இருந்தேன். கோர்ட்டுல நீங்க ஊசி மொனன்னு ஆரம்பிச்சப்பவே அவனுக்குச் சொல்லணும்னு நெனச்சேன். வெளிய வந்தா கூட்டம் என்ன வுடல, அதுக்குள்ள அவன் இங்க வந்துட்டான்."

அம்மா இருப்புப் புத்தகத்தை மூடி வைத்தார்.

"யாராவது வந்து, விசயம் இப்படின்னு உங்ககிட்ட முன்னாடியே சொல்லியிருந்தா, வுட்டிருப்பீங்களா?"

"வுட்டிருக்க மாட்டேன்."

யோசிக்காமல்தான் சொன்னார். அவன் தலையாட்டினான். அதைத்தான் எதிர்பார்த்து வந்தவன்போல இருந்தான்.

"தங்கச்சி தெனம் உங்கள சபிச்சிக்கினு இருக்கா."

"இருக்கட்டும்." அம்மா எழுந்து வாசலுக்கு வந்தார். "யாருக்கும் நஷ்டம் இல்லன்னியே. குண்டு பட்டானே நெசவுக்காரன், அவன எந்தப் பக்கத்துல வெச்ச? தறி மிதிக்கிற காலு அது. திருப்பதி ஆஸ்பத்திரியில கெடந்தான். ரெண்டு ஞாயித்துக்கெழம போய்ப் பாத்தேன். உங்க ஆளுங்களும் வரல, அவங்க ஆளுங்களும் வரல. இப்ப அவன் குச்சியில நூல் தார் சுத்தறான், பொண்டாட்டி தறியில உக்காந்துக்கினு இருக்கா. யாரு சுட்டாங்கன்னு தெரியணும்னு அவன் ஒருத்தன்தான் கேட்டான்."

"அவன் பேருகூட எனக்குத் தெரியாதும்மா" என்றான் அவன். குரல் இறங்கிவிட்டது.

அம்மா பெயரைச் சொன்னார். நகரியில் பஸ் இறங்கி எந்தத் தெரு, எத்தனையாவது வீடு என்பதையும் சொன்னார். அவன் கேட்டுக்கொண்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தான். நகரிக்குத்தான் போனான் என்று பின்னால் தெரிந்தது. நெசவாளி அவனோடு பேசவில்லையாம். மனைவி மட்டும் ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தாளாம். அவன் குடித்துவிட்டு, வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பினானாம்.

அவன் போனபின் அம்மா உள்ளே வந்து உட்கார்ந்தார். "எங்க வுட்டோம் சார்?" என்றார். முப்பத்திரண்டு லாங் பெட்டியில் விட்டிருந்தோம். பெட்டியை மேஜையில் கவிழ்த்து எண்ண ஆரம்பித்தார். நாற்பத்தாறு என்றார். புத்தகத்தில் நாற்பத்தெட்டு இருந்தது. மறுபடி எண்ணினார். நாற்பத்தொன்பது என்றார். அவர் தப்பாக எண்ணி அதற்குமுன் நான் பார்த்ததில்லை. கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

நான் பெட்டியை என் பக்கம் இழுத்துக்கொண்டு எண்ணினேன். நாற்பத்தெட்டு இருந்தது.